காருக்கு பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா ஏன் கொப்புளம் வருது?

செங்கோட்டையில ஆனி, ஆடி வந்துட்டா சாரல்தான், ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் தூத்தலும் சேந்து வரும், குத்தாலத்துக்கு வர்றவங்களுக்கு அது சீசன், வீட்டு முத்தத்துல காரை நிறுத்தி டிங்கரிங் பாக்கலாம்னு உக்காந்த எனக்கு வினை. பின் கதவுல ஒரு ஒடுக்கு, அதுக்கு கீழ கொஞ்சம் துரு. நானே ஒடுக்க நிரப்ப பட்டி வச்சு, பெயிண்டுக்கு அடிப்பூச்சா பிரைமர் அடிச்சு, பெயிண்டும் அடிச்சேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு. ரெண்டே மாசத்துல அம்மை போட்ட மாதிரி கொப்புளம்.

எங்க தெரு முக்குல டிங்கரிங் பாக்குற அண்ணாச்சி வந்து தடவிப் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு, "போர் தண்ணி ஊத்தியா வே தேச்சீரு?"

பெயிண்ட் தண்ணிய முழுசா தடுத்துரும்னு நாம நெனைக்கிறோம், அப்படி இல்ல. நீராவி அது வழியா மெல்ல உள்ள போகும், அதே மாதிரி வெளியவும் வந்துரும், அதனால வம்பு இல்ல. ஆனா அடியில உப்பு மாட்டிக்கிச்சுன்னா கதை மாறிடும். மாங்காயில உப்பு போட்டு குலுக்கி வச்சா மறுநாள் தண்ணி விட்டு நிக்குமே, அதே சவ்வூடுபரவல்தான் இங்கயும், உப்பு வெளிய இருக்குற ஈரத்த இழுத்து கரைசலாகி, மேல மேல இழுத்து, அந்த அழுத்தத்துல பெயிண்ட தூக்கிருது. போர் தண்ணி காஞ்சா உப்பு தங்கும். தேச்ச தகரத்தை வெறுங்கையால தடவுனா வேர்வை உப்பு, சில சமயம் விரல் ரேகை மாதிரியே கொப்புளம் எழும்பும்!

பட்டியும் சும்மா காயுற மண்ணு இல்ல. ஸ்டைரீன்ல கரைச்ச பாலியஸ்டர் ரெசின், கூட டால்க் பொடி. அத இறுக வைக்க கூட வர்ற டியூப் ஹார்ட்னர்ல இருக்குற பென்சாயில் பெராக்சைடு சங்கிலி மாதிரி வினைய கிளப்பி விடுது, அதான் கலந்த கொஞ்ச நேரத்துல கையில சூடு தெரியும். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவுக்கு போதும், சீக்கிரம் இறுகட்டும்னு நெறைய பிதுக்குனா மிச்ச பெராக்சைடு மேல ஏறி பெயிண்ட்ல கறை விழும். இறுகுன பட்டி தண்ணிய உறிஞ்சும், அதனால 80, 180, 320 நம்பர்னு காஞ்ச உப்புத்தாள்லயே தேச்சுருங்க, தண்ணி தொட்டு தேய்க்குற வாட்டர் பேப்பர் எல்லாம் பிரைமருக்கு அப்புறம்.

இன்னொண்ணு பனிநிலை, அதாவது காத்துல இருக்குற ஈரம் தண்ணியா படிய ஆரம்பிக்குற வெப்பநிலை. காத்து 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னா 25 டிகிரிக்கு கீழ போற தகரத்துல தண்ணி கோத்துக்கும். ராத்திரி வெளிய நின்ன கார் வானத்தப் பாத்து சூட்ட விட்டுட்டு காத்தை விடவே குளுந்துரும், காலையில கண்ணுக்கே தெரியாத ஈரம் மேல பிரைமர் அடிச்சிருப்போம். தகரம் பனிநிலைய விட 3 டிகிரியாவது சூடா இருக்கணும். போதாக்குறைக்கு தின்னர் ஆவியாகும்போதும் சூட்டை எடுத்துட்டுதான் போகும், சாரல்ல அடிச்ச பெயிண்ட் வெள்ளையா பூத்துப் போறது அதனாலதான்.

ஹார்ட்னர் கலந்து அடிக்கிற 2கே பெயிண்ட் மட்டும் வீட்ல வேண்டாம், அந்த ஹார்ட்னர்ல நுரையீரலுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கு, மூக்குல துண்டு கட்டுறதெல்லாம் காணாது.

மாசியில எல்லாத்தையும் சொரண்டிட்டு திரும்ப ஆரம்பிச்சேன். கடைசி அலசலுக்கு பேட்டரி தண்ணி (ஆசிட் இல்ல, உப்பு நீக்குன டிஸ்டில்டு வாட்டர்), வெயில் ஏறி தகரம் சுட்ட பிறகுதான் ஸ்பிரே. பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி அண்ணாச்சி வந்து "நல்லா வந்திருக்கே"ன்னு தடவ கைய நீட்டுனாரு.

"தொடாதீங்க அண்ணாச்சி!"