45 நொடியில் 250 மீட்டர்

"சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்ட பிறகும் சிக்னலுக்குச் சிக்னல் காலை ஊன்றி நிற்க வேண்டியிருக்கிறதே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

ஆளும் வண்டியுமாக 85 கிலோ, வேகம் மணிக்கு 20 கி.மீ. என்றால் இயக்க ஆற்றல் சுமார் 1,300 ஜூல். பள்ளியில் படித்த அதே சூத்திரம்தான். பிரேக் பிடித்தால் அத்தனையும் வெப்பமாகிப் போய்விடும். சமதரையில் ஏறக்குறைய 90 மீட்டர் மிதிக்கும் உழைப்பு அது. பத்து சிக்னலில் நின்றால், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் கூடுதலாக மிதித்ததற்குச் சமம்!

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் நோரெப்ரோகேட சாலையில் இதற்காகவே 'பச்சை அலை' அமைத்திருக்கிறார்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சீராக மிதித்தால் அடுத்தடுத்த சிக்னல்கள் பச்சையாகவே கிடைக்கும். காலையில் நகர மையத்தை நோக்கி, மாலையில் எதிர்த்திசையில்.

இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தில் ஏன் கூடாது? எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. சந்திப்புகள் 250 மீட்டர் இடைவெளியில் இருப்பதாகவும், சிக்னலின் ஒரு சுற்று 90 நொடி என்றும் வைத்துக்கொள்வோம். 20 கி.மீ. வேகத்தில் 250 மீட்டரைக் கடக்க 45 நொடி, அதாவது சரியாக அரைச் சுற்று. முதல் சந்திப்பில் பச்சை விழுந்து 45 நொடியில் அடுத்ததில் விழட்டும். போகிறவருக்குப் பச்சை. அங்கிருந்து திரும்பி வருகிறவர் முதல் சந்திப்பை எட்டும்போது 90 நொடி முடிந்து, அங்கே மறுபடி பச்சை. இரு திசைக்கும் ஒரே அலை! இடைவெளி 400 மீட்டரானால் பயணம் 72 நொடி. போகிறவருக்குச் சிக்னலை ஒத்திசைத்தால், வருகிறவர் முதல் சந்திப்பை எட்டுவது 144-வது நொடியில், அதாவது அடுத்த சுற்றின் 54-வது நொடியில். பெரும்பாலும் அது சிவப்பு.

சிக்னல் நேரத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். சந்திப்புகளின் இடைவெளியை அப்படி மாற்ற முடியாது. எந்தக் குறுக்குத்தெருவை மூடுவது, எங்கே கடக்க விடுவது என்பதெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாக வேண்டியவை. உள்ளாட்சிகள் எத்தனை கிலோமீட்டர் பாதை போட்டோம் என்று கணக்குக் காட்டுகின்றன. இந்த ஒத்திசைவு வேலைக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

முன்கூட்டியே முடிவெடுப்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரம் 2019-இல் ஒரு விதி இயற்றியது. நகரத்தின் சைக்கிள் திட்டத்தில் தனிப்பாதைக்கெனக் குறிக்கப்பட்ட தெருவை, ஐந்தாண்டுச் சாலைத் திட்டத்தின்கீழ் புதுப்பிக்கும்போது, அரிதான விலக்குகள் தவிர, தடுப்புடன் கூடிய சைக்கிள் பாதையையும் சேர்த்தே அமைக்க வேண்டும். எப்படியும் தோண்டப்போகிற தெரு. வரைபடம் முன்கூட்டியே தயாராக இருப்பதால் இரண்டாம் முறை தோண்ட வேண்டியதில்லை.