தாயின் ரத்தத்தில் சிசுவின் செல்களை எப்படி எண்ணுகிறார்கள்?

நஞ்சுக்கொடி இருவர் ரத்தத்தையும் பிரித்து வைக்கிறதே, பிறகு எப்படிக் கலக்கும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிரிக்கத்தான் செய்கிறது. ஆனால் பிரசவத்தின்போதோ, வயிற்றில் அடிபட்டாலோ கசிவு ஏற்படும். தாயின் ரத்தப் பிரிவு ஆர்எச் நெகட்டிவ், சிசுவினுடையது பாசிட்டிவ் என்றால், கசிந்த செல்களுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்கி, அது அடுத்த கருவைப் பாதிக்கலாம். அதைத் தடுக்க 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். எவ்வளவு போடுவது? கசிந்த அளவு தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அதற்கு 1957-ல் ஜெர்மனியில் கிளைஹவர், பிரவுன், பெட்கே மூவரும் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சிசுவின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிகளுக்குப் பதில் காமா சங்கிலிகள் இருக்கின்றன. அதை அமிலம் எளிதில் கரைப்பதில்லை. மொத்தச் சோதனையும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்தைச் சலைனில் (உப்புக் கரைசலில்) நீர்த்து, ஸ்லைடில் மெல்லிய பூச்சாக இழுத்துக் காயவைக்கிறார்கள். 80 சதவீத எத்தனாலில் 5 நிமிடம் வைத்தால் ஹீமோகுளோபின் செல்லுக்குள்ளேயே வீழ்படிந்து நிற்கும். அடுத்து 37 டிகிரி செல்சியஸில், பிஎச் 3.3 அளவுள்ள சிட்ரேட்-பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் நிற்கும் கரைசலில்) முக்கினால் தாயின் ஹீமோகுளோபின் கரைந்து, செல்சவ்வு வழியே வெளியேறிவிடும். சிசுவினுடையது அசையாது. ஈயோசின் போன்ற சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், தாயின் செல்கள் விளிம்பு மட்டும் தெரியும் வெளிறிய கூடுகள். இடையிடையே அடர் இளஞ்சிவப்பாக, உள்ளே நிறைந்த சிசுவின் செல்கள். புரத அமைப்பில் உள்ள ஒரு சிறு மாறுபாடு இப்படிக் கண்ணெதிரே நிறமாக நிற்பது உண்மையிலேயே அழகு.

பஃபர் சூடேறாமல் இருந்தாலோ பூச்சு தடித்திருந்தாலோ தாயின் செல்களும் சாயம் பிடிக்கும். அதிக நேரம் விட்டால் சிசுவின் செல்களும் வெளிறும். ஆகவே ஆணின் ரத்தத்தில் தொப்புள்கொடி ரத்தம் சிறிது கலந்த, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டு ஸ்லைடு ஒவ்வொரு முறையும் கூடவே ஓட வேண்டும். தாய்க்குப் பீட்டா தலசீமியா என்ற மரபுவழி ரத்தக் குறைபாட்டின் கூறு இருந்தால் அவருடைய செல்கள் சிலவற்றிலேயே சிசு ஹீமோகுளோபின் இருக்கலாம். அவை நடுத்தர நிறத்தில் தெரிந்து எண்ணிக்கையை ஏமாற்றும். அங்கே செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிதான் கைகொடுக்கும்.

2000 செல்களில் 26 சிசுவினுடையவை என்றால் 1.3 சதவீதம். தாயின் ரத்தம் 5000 மில்லி என்று கொண்டால் கசிவு 65 மில்லி. 300 மைக்ரோகிராம் ஊசி ஒன்று 30 மில்லிக்குப் போதும், வகுத்தால் 2.2 வரும். அமெரிக்க வழக்கப்படி 2 ஆக்கி, மேலும் ஒன்று சேர்த்து 3 போடுவார்கள். இந்தக் கூடுதல் ஊசி வீணல்ல: இவ்வளவு குறைவாக எண்ணும்போது தற்செயல் பிழையே 5 செல்கள் வரை போகும். கருவிகளுக்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது எண்ணுபவரின் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பேன்.

தாய்க்கும் சிசுவுக்கும் ஏபிஓ பிரிவு ஒவ்வாவிட்டால், தாயின் எதிர்ப்பொருள்கள் சிசுவின் செல்களை விரைவில் அழித்துவிடும். தாமதமாக எடுத்த மாதிரி கசிவைக் குறைத்தே காட்டும். அதனால் பிரசவமாகி அரை மணி நேரத்துக்குப் பின், 2 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுப்பது நல்லது.