ஹொப்பெமாவோட ரோடு எப்படி இவ்ளோ தூரம் போகுது?

லண்டன் நேஷனல் கேலரில மிடில்ஹார்னிஸ் சாலைன்னு ஒரு டச்சு கிராமத்து ஓவியம் இருக்கு, மைண்டர்ட் ஹொப்பெமா 1689ல வரைஞ்சது. படத்துல பெருசா ஒண்ணும் நடக்கல. நடுவுல ஒரு மண் ரோடு, ரெண்டு பக்கமும் ஒல்லியா ஒசரமா மரங்க, ஒருத்தர் துப்பாக்கியும் நாயுமா நம்மள பாத்து நடந்து வர்றார், வலது பக்க தோட்டத்துல இன்னொருத்தர் செடிய கவனிச்சிட்டு நிக்கிறார், அவ்ளோதான். ஆனா பாத்த உடனே கண்ணு ரோட்டோட கடைசிக்கு ஓடிரும். ஒன்றரை மீட்டர் கூட அகலம் இல்லாத துணில இவ்ளோ தூரம் எங்கிருந்து வந்துச்சு?

சிம்பிள் கணக்குதான். ஒரு பொருள் ரெண்டு மடங்கு தள்ளிப் போனா பாதி சைஸ்ல தெரியும், மூணு மடங்குன்னா மூணுல ஒரு பங்கு. சும்மா நாம நிக்கிற எடத்துல இருந்து பத்து மீட்டருக்கு ஒரு மரம்னு வச்சுக்கங்க, முதல் மரம் 60 செமீ ஒசரம்னு வரைஞ்சா அடுத்தது 30, அப்புறம் 20, 15, 12ன்னு இறங்கும். முதல்ல தடால்னு குறையுது, போகப்போக வித்தியாசமே தெரியாம நெருக்கமாயிடுது, மரத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளியும் இதே மாதிரிதான் சுருங்கும். எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே ஒசரம்னு மூளை நம்பிருச்சுன்னா, சைஸ் குறையுறத தூரம்னு தானா மாத்திக்குது.

இதுல ஹொப்பெமா செஞ்ச வேலை என்னன்னா அடிவானத்த கீழ வச்சுட்டார். அதனால மர உச்சியெல்லாம் சர்ருன்னு கீழ இறங்குது, ரோட்டோரம் மேல ஏறுது, எல்லாம் அடிவானத்துல ஒரே புள்ளில போய் முட்டுது. மிச்ச இடம் பூரா வானம். இவருக்கு வரையக் கத்துக்குடுத்த யாக்கோப் ஃபான் ரெய்ஸ்டாலும் வானத்துக்கு நெறைய எடம் குடுக்குற ஆளுதான், மேடு பள்ளம் இல்லாத நாட்டுல வேற எத வரையுறது!

மரங்க 1664ல நட்ட ஆல்டர். கீழ கிளையெல்லாம் கழிச்சுவிட்டு உச்சில மட்டும் கொஞ்சம் இலை, அதனால ஒவ்வொண்ணும் நட்டு வச்ச அளவுகோல் மாதிரி நிக்குது. அடர்த்தியான தோப்பா இருந்திருந்தா இந்த கணக்கு கண்ணுல பட்டிருக்கவே பட்டிருக்காது.

இன்னொரு விஷயம், 1668லயே ஹொப்பெமாவுக்கு ஆம்ஸ்டர்டாம்ல இறக்குமதி ஒயின் அளக்குற வேலை கிடைச்சிருச்சு, அதுக்கப்புறம் ரொம்ப கம்மியாதான் வரைஞ்சார், இது அந்த கொஞ்சத்துல ஒண்ணு. இந்த ஓவியத்த எக்ஸ்ரே எடுத்தப்ப, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இன்னும் முன்னாடி ஒவ்வொரு மரம் வரைஞ்சு அப்புறம் பெயிண்ட் அடிச்சு மறைச்சது தெரிஞ்சுது. ஏன் அழிச்சார்னு மேல இருக்குற கணக்கப் பாத்தாலே ஊகிக்கலாம்னு எனக்கு தோணுது, கிட்ட இருக்குற மரம்தான் பயங்கரமா பெருசாகும், அது ரெண்டு பக்கமும் தூண் மாதிரி நின்னா வானமும் போச்சு, ரோடும் ஒரு வாசலுக்குள்ள மாட்டிக்கும்.