சஸ்பெண்ட் செய்தால் மின்சாரம் நிற்காது

புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றின் பில் இயந்திரம் மறுபடியும் என் மேசைக்கு வந்திருக்கிறது. உள்ளே யூஎஸ்பி 4ஜி டொங்கிள் அடிக்கடி உறைந்துவிடுகிறதாம். மென்பொருள் எழுப்பிப் பார்த்துத் தோற்கிறது. கடைக்காரர் பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் உடனே வேலை செய்கிறது. இந்தக் குறையோடு வரும் பெட்டிகளில் காரணம் பெரும்பாலும் ஒன்றேதான்.

டிரைவரை, அதாவது டொங்கிளை இயக்கும் மென்பொருளை எழுதியவர், சஸ்பெண்ட் செய்தால் (சாதனத்தை உறங்கவைத்தால்) மின்சாரம் நின்றுவிடும் என்று நம்பியிருக்கிறார். நிற்காது! சஸ்பெண்டில் தரவுத் தடம்தான் அமைதியாகிறது. அதைக் கண்ட சாதனம் தன் நுகர்வைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும்; யூஎஸ்பி 2.0 விதிப்படி 2.5 மில்லி அம்பியருக்கு. 5 வோல்ட் கம்பியில் அப்படியே இருக்கும். லினக்ஸில் மின் மேலாண்மை அமைப்பில் 'ஆட்டோ' என்று எழுதித் தானாக உறங்கவிட்டாலும் இருக்கும். டிரைவரைக் கழற்றி மறுபடி இணைத்தாலும் இருக்கும். உறைந்துபோன டொங்கிள் யார் சொல்லையும் கேட்கும் நிலையில் இல்லை. அதன் மின்சாரத்தை உண்மையாகவே அறுத்தாக வேண்டும்.

ஹப்பிடம், அதாவது ஒரு யூஎஸ்பி இணைப்பைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் பாகத்திடம், போர்ட் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லலாமே என்பார்கள். சொல்லலாம். ஆனால் சர்க்யூட் போர்டில் அதற்கான மின் சுவிட்ச் இல்லாவிட்டால், ஹப் கட்டளையை ஏற்றுக்கொள்ளும், 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். மலிவான ஹப்களில் இது சர்வசாதாரணம்.

ஆகவே சுவிட்ச் ஒன்றைப் போட்டு, அதை டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) ரெகுலேட்டராக, அதாவது லினக்ஸ் போட்டு அணைக்கக்கூடிய மின் வழங்கியாக அறிவியுங்கள். 'ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன்' வரியை வேறு போர்டிலிருந்து பிரதி எடுத்து வைத்திருந்தால் முதலில் நீக்குங்கள். அது இருக்கும்வரை அணைக்கவே முடியாது. கட்டுப்பாட்டுச் சிக்னல் உயர் நிலையில் இருக்கும்போது சுவிட்ச் இயங்குவதென்றால் 'எனேபிள்-ஆக்டிவ்-ஹை' கட்டாயம், இல்லையேல் எல்லாம் தலைகீழ். அதே ரெகுலேட்டரை இன்னொரு டிரைவரும் பிடித்திருந்தால், உங்கள் டிஸேபிள் (அணைக்கும்) அழைப்பு, பயன்படுத்துவோர் எண்ணிக்கையை மட்டும் குறைக்கும்; மின்சாரம் நிற்காது.

அணைத்த கையோடு போடாதீர்கள். ஹோஸ்ட் பக்கத்தில் குறைந்தது 120 மைக்ரோஃபரட் கொள்ளளவி (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) இருக்க வேண்டும் என்பது விதி. அது வடிய நேரம் வேண்டும். 'ஆஃப்-ஆன்-டிலே' அதற்காகவே இருக்கிறது.

சுவிட்சின் மிகைமின்னோட்ட எச்சரிக்கைப் பின்னை எதனோடும் இணைக்காமல் தொங்கவிடாதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் வரம்பு 500 மில்லி அம்பியர். சிக்னல் பலவீனமான இடத்தில் டொங்கிள் அதைத் தாண்டக்கூடும்.

தயவுசெய்து, பெட்டியை மூடுவதற்குமுன் மல்டிமீட்டரை யூஎஸ்பி போர்ட்டில் வைத்து, அணைக்கும் கட்டளைக்குப் பிறகு முள் பூச்சியத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். பதிவில் 'அணைந்தது' என்று வந்தால் போதாது.