பிஸ்கட்டில் ஒளிந்திருக்கும் உப்பு

மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க வந்திருந்த ஒரு பெரியவரை, வீட்டில் பிரஷர் 160-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது என்று அந்த மகள் என்னிடம் அழைத்து வந்தார். ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது, மாத்திரை தவறுவதில்லை.

“காலையில் என்ன சாப்பிடுறீங்க, ஐயா?”

“பெருசா ஒண்ணுமில்லம்மா. நடந்துட்டு வரும்போது ரெண்டு பிஸ்கட்.”

டீயில் தொட்டுச் சாப்பிடும் பிஸ்கட் என்று நினைத்து எழுதிக்கொண்டேன். மகள்தான் இடைமறித்தார்: “அந்த பிஸ்கட் இல்ல மேடம். முக்குல இருக்கிற கடை பிஸ்கட்.”

வட கரோலினாவின் கிழக்கில் ஒரு சிறிய ஊரில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இந்தப் பக்கம் பிஸ்கட் என்றால் உள்ளங்கை அகலம், இரண்டு விரல் உயரம், மேலே பொன்னிறம், உள்ளே பஞ்சு. ஈஸ்ட் கிடையாது. பிட்டால் அடுக்கடுக்காகப் பிரியும். விடிவதற்கு முன்பே கடை திறந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், தேவாலயத்துக்குக் கிளம்பியவர்கள் எல்லாரும் அங்கேதான். அந்தப் பெரியவருக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதர்களும் அந்தக் கடை மேசையில் கிடைத்தவர்கள்தான். அதனால், போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வாரம் நானும் அங்கே போய்ச் சாப்பிட்டேன். அடுப்படி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பிஸ்கட் போடும் அம்மா அகலமான பாத்திரத்து மாவில் நடுவே குழி பறித்து, கொழுப்பை விரல் நுனியால் உதிர்த்து, புளித்த மோரை ஊற்றினார். பிசையவில்லை; மடித்து மடித்துத் தட்டினார். வட்ட அச்சை நேராக இறக்கி நேராகவே தூக்கினார். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு பிஸ்கட் எழும்பாது. தென் மாநிலங்களில் இதற்கென்றே புரதம் குறைந்த மென் கோதுமை மாவு விற்கிறார்கள். மாவு இழுபடாமல் உதிர்வது அதனால்தான்.

சரி, உப்பு எங்கே? மாவிலேயே இருக்கிறது. பெரும்பாலும் இதற்கு வாங்குவது செல்ஃப் ரைசிங் மாவு. பேக்கிங் பவுடரும் உப்பும் ஆலையிலேயே கலந்து வரும். உப்பில் பிரஷரை ஏற்றுவது சோடியம்; கால் கப் மாவிலேயே அது 300 மில்லிகிராமுக்கு மேல். மோரோடு சேர்ந்து பொங்குவதற்கு ஆப்ப சோடா போட்டால் அதுவும் சோடியம்தான்: ஒரு டீஸ்பூனில் 1,200 மில்லிகிராமுக்கு மேல். இது நாக்குக்கு உப்பாகத் தெரியாது. ஊறுகாயைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதைப் பார்த்துப் பயப்படாததற்கு அதுதான் காரணம். பெரிய பிஸ்கட் ஒன்றில், உள்ளே எதுவும் வைக்காமலே, 600-ஐத் தாண்டுவது சாதாரணம். பன்றி இறைச்சி சாசேஜ் வைத்தால் 1,000-ஐத் தாண்டிவிடும். ஒரு நாளைக்கே 2,300-க்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்க உணவு வழிகாட்டி. அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் உப்பில் இருக்கும் சோடியம். பிரஷர் உள்ளவர்கள் 1,500-க்குள் நிற்கப் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். பெரியவர் தினமும் இரண்டு சாப்பிட்டார். கூடவே கன்ட்ரி ஹாம்: உப்பில் புதைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. வீட்டில் சமைக்கிறவர்கள் அதை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்குவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்ட்ரோக் பெல்ட்’, அதாவது பக்கவாத வளையம். வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியாவின் கடலோரச் சமவெளியை அந்த பெல்ட்டின் ‘பக்கிள்’ என்பார்கள்; பக்கவாத மரணம் இங்கே இன்னும் அதிகம். காரணம் சாப்பாடு மட்டும் இல்லை. வறுமை, சர்க்கரை நோய், மருத்துவ வசதிக் குறைவு எல்லாம் சேர்ந்தது. ஆனால் 2003-இல் தொடங்கி சுமார் 30,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ‘ரிகார்ட்ஸ்’ ஆய்வு, பொரித்தது, பதப்படுத்திய இறைச்சி, சர்க்கரை போட்ட பானம் என்று போகும் தென்பகுதிச் சாப்பாட்டு முறையையும் பக்கவாதத்தோடு தொடர்புபடுத்தியது. அந்த மேசையில் எல்லாருக்கும் முன்னால் ஸ்வீட் டீ, அதாவது சர்க்கரை கொட்டிய ஐஸ் டீ, இருந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள சங்கிலி உணவகங்கள் கலோரியை மெனுவில் போட வேண்டும், கேட்டால் சோடியம் அளவையும் தர வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறையில் உள்ள விதி. சிற்றூர்க் கடைக்கு அது பொருந்தாது. அங்கே பலகையில் விலை மட்டும்தான். நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

நான் பெரியவருக்கு எழுதிக் கொடுத்தது இதுதான். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு பிஸ்கட், உள்ளே முட்டை மட்டும். ஹாம் வேண்டாம், சாசேஜ் வேண்டாம். சாசேஜ் கொழுப்பில் மாவு வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சும் வெள்ளை கிரேவியைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கி, இரண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்ற நாட்களில் மேசைக்குப் போகலாம், காபி குடிக்கலாம். கிரிட்ஸ் என்று தருவது நம் மக்காச்சோள ரவைக் கஞ்சி மாதிரிதான். ஆனால் வேகும்போதே உப்புப் போட்டுவிடுவார்கள், அதனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

சைவம் சாப்பிடுகிறவர்களும் பன்றி இறைச்சி தவிர்ப்பவர்களும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். ஜாம் தடவிய வெறும் பிஸ்கட்தானே என்று நினைப்போம். பல கடைகளில் மாவில் உதிர்ப்பது பன்றிக் கொழுப்பு. “என்ன கொழுப்பு போடுறீங்க?” என்று கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் போன கடையில் அந்த அம்மா டப்பாவையே எடுத்துக் காட்டினார்.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் வந்தார். பிரஷர் குறித்த நோட்டில் 140-களும் ஒன்றிரண்டு 130-களும் இருந்தன. “சனிக்கிழமை மட்டும்தான்மா” என்றார். மற்ற நாட்களில் மகள் கட்டிக்கொடுக்கும் இட்லியை அதே மேசைக்கு எடுத்துப் போகிறாராம். கடைக்காரர் ஒன்றும் சொல்வதில்லையாம்.