பூச்சி மருந்து வாங்கினால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை. பிசானப் பருவ நெல்லுக்கும் களக்காட்டு வாழைக்கும் அடிப்பது 'மருந்து'தான். ஆனால் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், அதையொட்டி 1971-இல் வந்த விதிகளும் அதை விஷமாகவே பார்க்கின்றன. அதனால்தான் ஒவ்வொரு டப்பாவிலும் சாய்த்து வைத்த ஒரு சதுரக் கட்டம் இருக்கவேண்டும். அதன் கீழ்ப்பாதி நிறம்தான் அடையாளம்: சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பில் மண்டையோடும் இருக்கும். பச்சை என்றால் வெறுங்கையால் கலக்கலாம் என்று அர்த்தமில்லை.

மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு, குளோர்பைரிபாஸ் மஞ்சள். இரண்டுமே ஆர்கனோ பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் வகை. நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடும். சேதி போனதும் ஒரு நொதி அதை உடைத்துவிடும். மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில் ஒழுகும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சே தடைபடும். குடித்தால்தான் என்றில்லை, காற்றுக்கு எதிரே நின்று அடித்து, நனைந்த சட்டையோடு சாயங்காலம் வரை இருந்தாலும் தோல் வழியே ஏறும்.

அப்படி ஆனால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டப்பாவையும் உள்ளே இருந்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள். விஷ அறிகுறி, முதலுதவி, விஷத்தை முறிக்கும் மருந்து எல்லாம் அந்தத் தாளில் இருக்கவேண்டும் என்பது விதி, தமிழிலும் இருக்கவேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

கடையில் பில் கேளுங்கள். 'நம்ம ஆளுதானே, பில் எதுக்கு' என்பார்கள். மருந்து போலி என்றால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் காட்ட அதுதான் ஆதாரம்.

அப்புறம் காலி டப்பா. அதை வெளியே போட்டுவைக்கக் கூடாது. உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கவேண்டும் என்கிறது விதி. தெளிப்பான் கழுவிய தண்ணீரும் நீர்நிலையில் கலக்கக் கூடாது. நம் ஊரில் இரண்டும் நேரே வாய்க்காலுக்குத்தான் போகின்றன. மீனுக்கும் தேனீக்கும் நரம்பில் இருப்பது அதே நொதிதான். டப்பாவை அலசித் தொழுவத்தில் தண்ணீர் மொள்ள வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அதை இன்றைக்கே உடைத்துவிடுங்கள்.