மங்கலான திரையில் டெட்ரிஸ் ஜெயித்த விதம்

1989-ல் நிண்டெண்டோ வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயில் வண்ணம் கிடையாது. பச்சைத் திரையில் நான்கே சாயல்கள், 160-க்கு 144 பிக்சல். பின்னொளியும் இல்லை, வெளிச்சம் பார்த்து உட்கார்ந்துதான் ஆட வேண்டும். அதே ஆண்டு வந்த போட்டிக் கருவியான அடாரி லிங்க்ஸில் வண்ணமும் பின்னொளியும் இருந்தன. ஆனால் அது ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். மலிவான, நன்கு பழகிய பாகங்களை வைத்தே புதுமை செய்ய வேண்டும் என்பது அதை உருவாக்கிய குன்பெய் யோகோயின் கொள்கை.

அந்தத் திரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிக்சலுக்கு ஒரு டிரான்சிஸ்டர் (நுண் மின் சுவிட்ச்) என்று தனித்தனியாக இல்லாமல், வரிசை வரிசையாகத்தான் மின்னழுத்தம் போகும். திரவப் படிகங்கள் மெதுவாகத் திரும்புவதால் முந்தைய படத்தின் நிழல் கொஞ்ச நேரம் தங்கிவிடும். பின்னணி வேகமாக ஓடும் விளையாட்டுகள் கலங்கித் தெரிந்தது இதனால்தான்.

மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும் விளையாட்டான டெட்ரிஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சோவியத் நிரலாளர் அலெக்சி பஜித்னோவ் 1984-ல் மாஸ்கோவில் அதை எழுதிய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதிகூடக் கிடையாது. எழுத்துக்குறிகளால்தான் கட்டைகளைக் காட்டினார். ஏழு கட்டைகளையும் வடிவத்தை வைத்தே அடையாளம் காணலாம், நிறம் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் நகரும், அதுவும் கட்டம் கட்டமாக.

பொருத்தம் இன்னும் நுட்பமானது. கேம் பாய் தன் திரையை 8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்து வரைகிறது: அகலத்தில் 20, உயரத்தில் 18. அதில் டெட்ரிஸ் ஆடுகளம் 10-க்கு 18. முழு உயரம், சரியாகப் பாதி அகலம்! மீதி இடத்தில் புள்ளிகளும் அடுத்த கட்டையும். இவ்வளவு கச்சிதமாக ஒரு விளையாட்டு ஒரு திரையில் உட்கார்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம், நேரம். பயணத்தில் ஆடும்போது இறங்கும் இடம் வந்துவிட்டதா? அணைத்துவிடலாம். பாதியில் நிற்கும் கதை எதுவும் இல்லை, சேமிக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் கருவியோடு மரியோவைக் கொடுக்காமல் டெட்ரிஸைக் கொடுக்கும்படி நிண்டெண்டோவிடம் வாதாடியவர், டெட்ரிஸின் கையடக்கக் கருவி உரிமையைப் பெற்றுத்தந்த ஹெங்க் ரோஜர்ஸ். சிறுவர்களோடு பெரியவர்களும் வாங்குவார்கள் என்று கணித்தார், அப்படியே நடந்தது. சுமார் 3.5 கோடிப் பிரதிகள் போயின.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போகலாம் என்பதைப் பயன்படுத்திக்கொண்டது 1996-ல் ஜப்பானில் இரண்டு பதிப்புகளாக வந்த, உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டான போக்கிமான். சில உயிரினங்கள் ஒரு பதிப்பில் மட்டும்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமானால் இன்னொருவரின் கருவியோடு கேபிள் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது கேம் பாய்க்கு வயது ஏழு. அதன் விற்பனை மறுபடி ஏறியது.